நெஞ்சு வலியும் வாயுவும் மாத்திரைகளும்: இதய நோய் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

இதய நோய் விஷயத்தில் நம் வீடுகளில் இரண்டு இடங்களில் கோட்டை விடுகிறோம். ஒருவர் நெஞ்சு பாரமாக இருக்கிறது என்றதும், "கேஸா இருக்கும், ஒரு சோடா குடிங்க, சரியாயிடும்" என்று சொல்லி மணிக்கணக்கில் நேரத்தைக் கடத்துவது முதலாவது. அடைபட்ட ரத்தக்குழாயை விரித்துத் தாங்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்து நல்லபடியாக வீட்டுக்கு வந்த பிறகு, "இப்பதான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு இத்தனை மாத்திரை" என்று ஒவ்வொன்றாகத் தாங்களே நிறுத்திவிடுவது இரண்டாவது. இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த வலி எதைக் காட்டுகிறது, எந்த மாத்திரை எந்த வேலையைச் செய்கிறது என்று யாரும் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னதில்லை. கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் டாக்டருக்கு அதற்கு நேரமும் கிடைப்பதில்லை. அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

இதய நோய் என்பது ஒரே நோயல்ல. பிறவியிலேயே இருக்கும் ஓட்டை, சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலால் பழுதாகும் வால்வு, துடிப்பு தாறுமாறாக ஓடுவது, இதயம் பலவீனமாகிப் போதிய ரத்தத்தை வெளியேற்ற முடியாமல் போவது எல்லாமே இந்தப் பெயருக்குள் அடங்கும். இங்கே பேசப்போவது மிகப் பரவலாகக் காணப்படும் ஒன்றைப் பற்றி மட்டும்: இதயத்தின் கரோனரி ரத்தக்குழாய்களில் வரும் அடைப்பு. மாரடைப்பு பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது.

உள்ளே நடப்பது என்ன

உடல் முழுவதற்கும் ரத்தத்தை அனுப்பும் இதயத்தின் தசைக்கும் தனியாக ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருபவை இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் கரோனரி குழாய்கள். இடது பக்கம் இரண்டு பெரிய கிளைகள், வலது பக்கம் ஒன்று. "மூணு குழாயிலும் அடைப்பு" என்று ஆஞ்சியோ (குழாய்களுக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்க்கும் பரிசோதனை) பார்த்துவிட்டுச் சொல்வது இவற்றைத்தான்.

கொழுப்பு இந்தக் குழாயின் நடுவே வந்து அடைத்துக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது குழாயின் சுவருக்குள்ளே சேர்கிறது. ரத்தத்தில் உள்ள, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் சுவருக்குள் புகுந்து தங்க, அதைச் சுற்றி அழற்சி உண்டாகி, மேலே ஒரு மெல்லிய தோல் மூடிக்கொள்கிறது. முகப்பரு தோலுக்கடியில் புடைத்து நிற்பதைப் போன்ற அமைப்பு அது. இது இருபது முப்பது வயதிலேயே தொடங்கிவிடக்கூடும். பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் தராது.

அப்புறம் இரண்டில் ஒன்று நடக்கும். வீக்கம் மெதுவாகப் பெரிதாகிக் குழாயைக் குறுக்கினால், படி ஏறும்போதும் வேகமாக நடக்கும்போதும் இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வலி வரும். நின்றால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். இதற்கு ஆஞ்சைனா என்று பெயர். இன்னொன்று, மூடியிருக்கும் மெல்லிய தோல் திடீரென்று கிழிந்துபோவது. கிழிந்த இடத்தில் ரத்தத் தட்டணுக்கள் குவிந்து ரத்தக்கட்டி உருவாகி, நிமிடங்களில் குழாயை முழுவதுமாக அடைத்துவிடும். இதுதான் மாரடைப்பு. ரத்தம் நின்று ஏறக்குறைய அரை மணி நேரத்தில் தசை சாகத் தொடங்குகிறது. செத்த தசை மீண்டும் வளர்வதில்லை.

கிழியும் வீக்கம் பெரியதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. குழாயைப் பாதிகூட அடைக்காத சிறிய வீக்கமும் கிழியலாம். "போன மாசம்தான் டிரெட்மில் டெஸ்ட் எடுத்தார், நார்மல்னு சொன்னாங்க, எப்படி அட்டாக் வந்துச்சு" என்று குடும்பங்கள் குழம்பிப்போவதற்குக் காரணம் இதுதான். டிரெட்மில் பரிசோதனை குறுகிப்போன குழாயைக் கண்டுபிடிக்கும். நாளை எந்த வீக்கம் கிழியும் என்பதை அதனால் சொல்ல முடியாது. மாத்திரைகளை ஏன் விடாமல் சாப்பிட வேண்டும் என்பதற்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஸ்டென்ட் ஓர் இடத்து அடைப்பை மட்டுமே சரிசெய்கிறது. மற்ற இடங்களில் இருக்கும் வீக்கங்களைக் கட்டுக்குள் வைத்திருப்பது மாத்திரைகள்தான்.

எந்த வலி இதய வலி

மாரடைப்பு வலியை ஊசி குத்துவது போல என்று சொல்பவர்கள் குறைவு. நெஞ்சின் நடுவில் கல்லை வைத்தாற்போல் பாரம், இறுக்கம், பிசைவது, எரிச்சல் என்றுதான் சொல்வார்கள். இடம் கேட்டால் ஒற்றை விரலால் காட்டாமல் உள்ளங்கையை நெஞ்சின் மேல் வைத்துக் காட்டுவார்கள். அது இடது தோள், கை, கழுத்து, தாடை, முதுகு என்று பரவலாம். வலது கைக்கும் போகலாம். கூடவே குப்பென்று வியர்த்துக் கொட்டும், வாந்தி வரும், மூச்சு வாங்கும், தலை கிறுகிறுக்கும். ஓய்வெடுத்தும் இருபது நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் மாரடைப்பாக இருக்கும் சாத்தியம் அதிகம். ஆனால் அந்த இருபது நிமிடம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றாலே கிளம்பிவிட வேண்டும்.

வாயு விஷயத்துக்கு வருகிறேன். இதயத்தின் அடிப்பகுதித் தசைக்கு ரத்தம் நிற்கும்போது வலி மேல்வயிற்றில் தெரியலாம். ஏப்பம் வரும், குமட்டும், வாந்தி எடுக்கும். அஜீரணத்துக்கும் இதே அடையாளங்கள்தான். அமிலத்தைக் குறைக்கும் மருந்தைக் குடித்ததும் கொஞ்சம் தேவலை என்று தோன்றுவதும் இதயம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. அனுபவமுள்ள டாக்டரே இ.சி.ஜி. பார்க்காமல் "இது கேஸ்தான்" என்று சொல்லத் தயங்குவார். அப்படியிருக்க வீட்டில் இருப்பவர்கள் ஓமத் தண்ணீரைக் கொடுத்துத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவருக்கு, அல்லது சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ புகைப்பழக்கமோ இருப்பவருக்கு, வழக்கமில்லாத மேல்வயிற்று வலி வியர்வையோடு வந்தால் முதலில் இ.சி.ஜி., அதற்குப் பிறகுதான் வயிற்று மருந்து. கேஸ் என்றே தெரியவந்தாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

முதல் இ.சி.ஜி. நார்மலாக இருந்தும் மாரடைப்பு இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் மருத்துவமனையில் சற்று நேரம் கழித்து இன்னொரு இ.சி.ஜி. எடுப்பார்கள், இதயத் தசையின் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்வார்கள். காசு பிடுங்கத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

மூன்று பேரிடம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதால் வலியே தெரியாமல் மாரடைப்பு வரலாம்; திடீர் மூச்சுத்திணறல், காரணமில்லாத வியர்வை, அசதி மட்டும் இருக்கும். வயதானவர்களுக்கு மயக்கமோ குழப்பமோ முதல் அடையாளமாக இருக்கலாம். பெண்களுக்கும் நெஞ்சு பாரம்தான் பொதுவான அறிகுறி என்றாலும் மூச்சு வாங்குவது, முதுகு வலி, தாடை வலி, மிகுந்த களைப்பு போன்றவை கூடுதலாகக் காணப்படுகின்றன. பிரச்சினை என்னவென்றால், வீட்டுப் பெண்கள் அசதியாக இருக்கிறது என்று சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவர்களும் சமையலை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிடுகிறார்கள்.

கால் வீங்குவது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடுவது ஆகியவை இதயம் பலவீனமாகி உடலில் நீர் சேர்வதன் அடையாளங்கள். இதற்கும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அந்த முதல் ஒரு மணி நேரம்

தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. இரண்டும் இலவச ஆம்புலன்ஸ். நெஞ்சு வலிக்கும் ஆள் தானே பைக் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, மாடிப்படி இறங்கி நடக்கவும் கூடாது. உட்கார வையுங்கள், சட்டையைத் தளர்த்துங்கள். அவசர எண்ணில் பேசுபவரோ டாக்டரோ சொன்னால், ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவருக்கு 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கலாம். மென்றால் சீக்கிரம் வேலை செய்யும்.

நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வைக்காதீர்கள். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். சில வகை மாரடைப்பில் அழுத்தம் ஏற்கெனவே சரிந்திருக்கும். அப்போது இந்த மாத்திரை ஆளை மயக்கத்தில் தள்ளிவிடும். டாக்டர் எழுதிக்கொடுத்தவருக்கு மட்டும்தான் அது. தனியாக இருக்கும்போது பலமாக இருமினால் மாரடைப்பிலிருந்து தப்பிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவலும் பொய். இருமிக்கொண்டிருக்கும் நேரத்தில் போன் செய்திருக்கலாம்.

மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் வேறு வேறு. மாரடைப்பில் ஆள் பேசிக்கொண்டிருப்பார். சுருண்டு விழுந்து, கூப்பிட்டால் அசையாமல், மூச்சும் இல்லாமலோ விட்டுவிட்டு இழுத்துக்கொண்டோ இருந்தால் இதயம் நின்றுவிட்டது என்று பொருள். அப்போது நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை. தவறாகச் செய்துவிடுவோமோ என்று பயந்து நிற்பதைவிட அழுத்துவது மேல்.

மருத்துவமனையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. இன்னொன்று, கை அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பை பலூனால் விரித்து ஸ்டென்ட் வைப்பது. பலூன் முறையை ஆந்திரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் 1977-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் முதன்முதலாக மனிதரின் கரோனரி குழாயில் செய்து காட்டினார். இன்று மாவட்டத் தலைநகரங்கள் பலவற்றிலும் அது நடக்கிறது. ஸ்டென்ட் வைக்கும் வசதியுள்ள கேத் லேப் தொலைவில் இருந்தால் ஊசியைப் போட்டுவிட்டு அனுப்புவார்கள்; அதுவும் முறையான சிகிச்சைதான். 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டேடின் மூன்றும் சேர்ந்து 14 மாத்திரைகளை அங்கேயே தந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். "பி.எச்.சி.யில என்ன இருக்கப்போவுது" என்று நினைத்து அதைக் கடந்து வெகுதூரம் போக வேண்டாம்.

யாருக்கு வரும்

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதய மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் வெளியானது. முதல் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஆபத்தில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பதே காரணங்களால் விளக்க முடிந்தது: புகை, கொழுப்புக் கோளாறு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைவாகச் சாப்பிடுவது, உடலுழைப்பின்மை, மதுப் பழக்கம் சார்ந்த வேறுபாடு. அதே ஆய்வின் தரவுகளில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் முன்னதாகவே வருவது தெரிந்தது. நமக்கு ஏதோ தனி விதி எழுதியிருக்கிறது என்று இதைப் படிக்கக் கூடாது. இதே காரணங்கள் நம்மிடம் இளம் வயதிலேயே சேர்ந்துவிடுகின்றன என்பதே அதிலிருந்து தெரிவது.

மாற்ற முடியாதவையும் உண்டு. வயது, பரம்பரை. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பு, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பு மாரடைப்பு வந்திருந்தால் உங்களுக்கும் ஆபத்து கூடுதல். அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்கள் நாற்பது வரை காத்திருக்காமல் முப்பதிலேயே பி.பி., சுகர், கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்வது நல்லது. லிப்போபுரோட்டீன் ஏ என்ற பரம்பரைக் கொழுப்பு ஒன்றும் இருக்கிறது. அதை வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும்.

சர்க்கரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் பலருக்குக் கண்ணும் காலும்தான் கவலை. இதயம் அந்தப் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும்.

ஒல்லியான கை கால், முன்னே தள்ளிய வயிறு என்ற நம் ஊர் உடல்வாகை எடைக் கருவி காட்டிக்கொடுக்காது. அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் யோசிக்க வேண்டும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாவற்றிலும் இருப்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. பீடி சிகரெட்டைவிடச் சிறியதுதானே என்ற சமாதானம் செல்லாது. புகையை விட்ட ஓராண்டில் அதனால் வந்த கூடுதல் ஆபத்து பாதியாகக் குறைகிறது. இவ்வளவு சீக்கிரம் பலன் தரும் மாத்திரை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

மாத்திரைப் பை

மாரடைப்பு வந்து வீட்டுக்குத் திரும்புபவர் கையில் ஐந்தாறு மாத்திரைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு.

முதலில் ரத்தக்கட்டி சேராமல் தடுப்பவை. ஆஸ்பிரின் 75 மி.கி., அதோடு குளோபிடோக்ரல், டிகாக்ரெலார், பிரசுக்ரெல் மூன்றில் ஒன்று. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இவை பார்த்துக்கொள்கின்றன. புதிதாக வைத்த ஸ்டென்ட் உடலுக்கு அந்நியப் பொருள். அதன் மேல் உட்சுவர் படரும்வரை ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் மாரடைப்புக்குப் பிறகு வழக்கமாக ஓராண்டு இரண்டு மாத்திரைகளையும் சேர்த்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். ரத்தக்கசிவு அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு டாக்டர் இந்தக் காலத்தைக் குறைப்பார். பல் பிடுங்க வேண்டும், ஊருக்குப் போகும்போது மறந்துவிட்டேன், மாத்திரை தீர்ந்துவிட்டது, இப்படி ஏதோ ஒரு காரணத்தால் முதல் சில மாதங்களில் இதை நிறுத்துவதுதான் ஸ்டென்ட் மூடிக்கொள்ள முக்கியமான காரணங்களில் ஒன்று. பல் டாக்டர் நிறுத்தச் சொன்னாலும் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தாதீர்கள். பெரும்பாலான பல் சிகிச்சைகளை மாத்திரையை நிறுத்தாமலே செய்துவிட முடியும்.

பக்கவிளைவு ரத்தக்கசிவுதான். சவரம் செய்யும்போது வெட்டினால் ரத்தம் நிற்கக் கொஞ்சம் நேரமாகும், லேசாக இடித்தாலும் தோலில் நீலம் பாயும். இவற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மலம் தார் போலக் கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, திடீர்க் கடுந்தலைவலி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கச் சொல்வார்கள், தேவைப்பட்டால் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலும் தருவார்கள். குளோபிடோக்ரல் சாப்பிடுபவர்கள் அதே வகையைச் சேர்ந்த ஒமிபிரசோலைத் தாங்களாக வாங்கிப் போட வேண்டாம். அது குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். டிகாக்ரெலார் சிலருக்கு மூச்சு வாங்குவது போன்ற உணர்வைத் தரும். அது மருந்தாலா இதயத்தாலா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார், மாற்றித் தரவும் முடியும்.

முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்றவை இதய நோயாளிகளுக்கு ஆகாது. இவை வயிற்றில் ரத்தக்கசிவையும் மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும், உடலில் நீரைத் தேக்கும். பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரைக் கேளுங்கள். இன்னொன்று: அடைப்பு எதுவும் இல்லாத ஆரோக்கியமானவர்கள் "முன்னெச்சரிக்கையா" தினமும் ஆஸ்பிரின் போடுவதால் பெரிய நன்மை இல்லை, ரத்தக்கசிவுதான் கூடுகிறது என்று 2018-இல் வெளிவந்த பெரிய ஆய்வுகள் காட்டின. அப்பாவின் மாத்திரையை மகன் போட வேண்டாம்.

அடுத்தது ஸ்டேடின். அடோர்வாஸ்டேடின், ரோசுவாஸ்டேடின் என்று வரும். மிக அதிகமாக அவப்பெயர் வாங்கிய மாத்திரையும் இதுதான், நீண்ட காலத்துக்கு மிக அதிகமாகக் காப்பாற்றும் மாத்திரைகளில் ஒன்றும் இதுதான். ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டேடினைப் பிரித்தெடுத்தார். ஈரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை இது குறைக்கிறது. அதைவிட முக்கியமாக, குழாய்ச் சுவரில் உள்ள வீக்கத்தின் தோலை உறுதியாக்கி, கிழியாமல் காக்கிறது. மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்கும் கீழே இருக்க வேண்டும் என்பது இன்றைய இலக்கு. ரிசல்ட்டில் 60 என்று வந்ததும் "கொழுப்பு நார்மலாயிடுச்சு, இனி வேண்டாம்" என்று நிறுத்துகிறார்கள். அந்த 60-ஐக் கொண்டுவந்ததே மாத்திரைதான். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய எண் திரும்பிவிடும்.

உடம்பு வலிக்கிறது என்பதுதான் ஸ்டேடின் மேல் வரும் பெரிய புகார். பிரிட்டனில் நடந்து 2020-இல் வெளியான சாம்சன் ஆய்வைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேடினை நிறுத்திவிட்ட 60 பேரை அதில் சேர்த்தார்கள். ஓர் ஆண்டில் நான்கு மாதம் ஸ்டேடின், நான்கு மாதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, நான்கு மாதம் எதுவுமே இல்லை. ஸ்டேடினா வெற்று மாத்திரையா என்பது சாப்பிட்டவருக்குத் தெரியாது. தினமும் தொந்தரவுக்கு மதிப்பெண் போட்டார்கள். ஸ்டேடின் சாப்பிட்ட மாதங்களில் இருந்த தொந்தரவில் ஏறக்குறைய 90 சதவீதம் வெற்று மாத்திரை சாப்பிட்ட மாதங்களிலும் இருந்தது. வலி பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. வலி உண்மையாகவே இருந்தது, ஆனால் அதில் பெரும்பகுதிக்கு மருந்து காரணமில்லை. முடிவைப் பார்த்த பிறகு பாதிப் பேர் திரும்பவும் ஸ்டேடின் சாப்பிடத் தொடங்கினார்கள்.

உண்மையான பக்கவிளைவுகளும் உண்டு. சிலருக்குத் தசை வலி வரும். அளவைக் குறைத்தோ வேறு ஸ்டேடினுக்கு மாற்றியோ சரிசெய்யலாம். ஈரல் நொதிகள் சற்று உயரலாம். ரத்தச் சர்க்கரையையும் கொஞ்சம் கூட்டும், ஆனால் சர்க்கரை நோயாளிக்கும் நன்மைதான் பல மடங்கு. மிக அரிதாகத் தசை சிதைந்து, சிறுநீர் காபி நிறத்தில் போகும். அப்போது மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெட்டோபுரோலால், பைசோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் இதயத் துடிப்பை மெதுவாக்கி அதன் வேலைப்பளுவைக் குறைக்கின்றன. அசதி, கை கால் சில்லிடுவது, கெட்ட கனவு, சிலருக்கு ஆண்மைக் குறைவு வரலாம். கடைசியாகச் சொன்னதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பலர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் மாற்று உண்டு. ஆஸ்துமா இருந்தால் முன்பே தெரிவிக்க வேண்டும். சுகர் இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரை மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். இதை ஒரே நாளில் நிறுத்தவே கூடாது.

ராமிபிரில், எனலாபிரில் ஆகியவை ரத்த அழுத்தத்தைக் குறைத்து, பலவீனமான இதயத்தைக் காப்பவை. பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த மருந்து வகை இது. மாதக்கணக்கில் வறட்டு இருமல் இருந்து, இருமல் டானிக் பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் நிற்கவில்லை என்றால் இந்த மாத்திரையைச் சந்தேகியுங்கள். டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் வகைக்கு மாற்றினால் இருமல் போய்விடும். இரண்டு வகையும் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை என்பதால் அவ்வப்போது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் ரத்தத்தில் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்கள் தினமும் இளநீர் குடிப்பதும், 'சோடியம் குறைந்தது' என்று விற்கும் உப்பைப் பயன்படுத்துவதும் ஆபத்தாக முடியலாம். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம். உதடும் நாக்கும் வீங்கினால் அவசரம். கர்ப்பிணிகளுக்கு இவை கூடவே கூடாது.

ரத்தக்குழாயை விரித்து நெஞ்சு வலியைக் குறைக்கும் நைட்ரேட் வகைதான் நாக்குக்கடியில் வைப்பது. டைனமைட் தயாரித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில், அந்த டைனமைட்டில் இருக்கும் இதே வகை நைட்ரோகிளிசரினை மருந்தாகப் பரிந்துரைத்தார்கள். தலைவலி, தலைசுற்றல் சகஜம், அதனால் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். சில்டனாஃபில் போன்ற ஆண்மை மாத்திரை சாப்பிட்டவருக்கு இதைக் கொடுத்தால் ரத்த அழுத்தம் உயிர் போகும் அளவுக்குச் சரியலாம். அவசர சிகிச்சையில் டாக்டர் கேட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். ஃபியூரோசமைடு நீரை வெளியேற்றும், கூடவே உப்புகளையும் வெளியேற்றிக் கெண்டைக்காலைப் பிடித்திழுக்கும். காலையில் போட்டால் இரவில் தூக்கம் கெடாது. சர்க்கரைக்கும் பலவீனமான இதயத்துக்கும் தரும் டாப்பாகிளிஃப்ளோசின் சிறுநீரில் சர்க்கரையை இறக்குவதால் அந்தரங்க இடத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாத நாட்களில் இதைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட வேண்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, தேன், வினிகர் சேர்த்துக் காய்ச்சிய கஷாயம் அடைப்பைக் கரைக்கும் என்று வரும் செய்திகளுக்கு ஆதாரம் இல்லை. சமையலில் சேர்க்கும் பூண்டு நல்லதுதான். ஆனால் அதை நம்பி மாத்திரையை விட்டவர்களுக்கு வரும் இரண்டாவது மாரடைப்பு முதலாவதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும், ஏனென்றால் ஏற்கெனவே கொஞ்சம் தசை போயிருக்கும்.

கடைசியாக, அட்டையின் பின்பக்கம். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். சுகருக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒரு டாக்டர் என்று இரண்டு இடத்தில் பார்ப்பவர்கள், இரண்டு கம்பெனிப் பெயரில் ஒரே அடோர்வாஸ்டேடினைக் காலையும் இரவும் சாப்பிட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. ஆஸ்பிரினும் ஸ்டேடினும் ஒரே குளிகையில் சேர்ந்து வருவதும் உண்டு. அது தெரியாமல் ஆஸ்பிரினைத் தனியாகவும் போட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது சீட்டை மட்டும் கொண்டுபோகாமல், வீட்டில் சாப்பிடும் எல்லா அட்டைகளையும், நாட்டு மருந்து டப்பாவையும் சேர்த்து ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டர் மேசையில் வையுங்கள்.